வாட்டில் நாற்றங்கால்

ஊற்றுக்காவல் தன்னார்வலர் குழுவின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்று அறிவித்தால் பதினொன்றே காலுக்குத்தான் தொடங்கும். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்ட அப்பாவிகள் கவுஞ்சிப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில், முழங்கால் நாடியில் இடிக்க மடங்கி உட்கார்ந்திருப்பார்கள். பூண்டும் கேரட்டும் போடுகிற இருபது சம்சாரிகள். எல்லார் தலையிலும் ஒரே மாதிரி பச்சைத் தொப்பி. தொப்பியில் ‘சேர்ந்து கற்போம், சேர்ந்து வளர்வோம்’ என்று அச்சடித்திருக்கும். கடைசிப் பெஞ்சில் இருந்து அந்தத் தலைகளைப் பார்க்கும் குகனுக்கு முட்டைக்கோஸ் வயல்தான் ஞாபகம் வரும். முட்டைக்கோஸாவது வாயைத் திறக்காது என்று நினைத்துக்கொள்வான்.

குகனுக்கு இருபத்து நான்கு வயது. பழனி அடிவாரத்துக்காரன். மொட்டையடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் குழைத்துத் தருகிற கடை அவன் அப்பாவுடையது. பத்து வயதிலிருந்து அந்தக் கடையில் நின்று, நீட்டுகிற தலையை வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகியவன். எந்தத் தலை ஏமாறும், எந்தத் தலை தகராறு செய்யும் என்று தொடாமலே சொல்லுவான். கடை இரண்டு பேருக்குத்தான் தாங்கும் என்று ஆனபோது மலைக்கு வந்தான். வந்த இடத்தில் தலைகள் மாறினவே தவிர எடைபோடும் புத்தி மாறவில்லை.

முதல் இரண்டு வருஷம், வெள்ளைக்காரன் மலையில் நட்டுவிட்டுப் போன வாட்டில் மரத்தை வெட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்து லாரியில் கட்டை ஏற்றினான். தோள் தோலுரிந்தது. அதற்குமேல் முடியாமல் கவுஞ்சியில் அரை ஏக்கர் படிவயலைக் குத்தகைக்குப் பிடித்துப் பூண்டு நட்டான். நிலத்துக்காரர் வத்தலக்குண்டில் இருந்தார். நிலத்தைக் கொடுத்தாரே ஒழிய, ஊற்றுத் தண்ணீரில் அவருக்கு இருந்த முறையை எப்போதோ தன் தம்பிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். தண்ணீர் இல்லாத படிவயலில் பூண்டு போட்ட மேதாவி என்று ஊர் தன்னைப் பேசுவதற்கு முன்னால் குகன் இந்தக் குழுவைக் கண்டுபிடித்தான்.

அந்த ஊற்று ஆதியிலிருந்து எட்டுக் குடும்பங்களின் சொத்து. தூர்ந்துபோய்க் கிடந்ததைக் குழுக்காரர்கள் அள்ளி, சின்னதாக ஒரு தொட்டியும் கட்டினார்கள். அப்போது ஒரு சட்டம் போட்டார்கள். வாரம் ஒரு நாள் ஊற்று வேலைக்கு மண்வெட்டியோடு வருகிறவன் யாராக இருந்தாலும், சொந்த நிலமோ குத்தகையோ, அவனுக்கு வாரத்தில் ஒரு முறைத் தண்ணீர் உண்டு. குகன் மறுநாளே தொப்பி போட்டுக்கொண்டான். வியாழக்கிழமை அவன் முறை. குழு இருக்கும் வரைக்கும் தண்ணீர் இருக்கும். குழு கலைந்தால் பழையபடி எட்டுக் குடும்பம். அவன் பூண்டு சருகு.

ஆகவே சகித்துக்கொண்டான். சகிப்பதற்கு நிறைய இருந்தது.

கொடைக்கானலில் இருந்து தாரணி மேடம் ஜீப்பில் வருவார். குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். ஒருநாள் கம்பளி நூல் உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் நூலைப் பிடித்துக்கொண்டு உருண்டையை இன்னொருவர் மேல் எறியச் சொன்னார். கால்மணி நேரத்தில் அறை முழுக்க சிலந்திவலை. அறுபது வயது இராமலிங்கத்தின் சட்டைப் பொத்தான் அதில் சிக்கி அறுந்தது. “பாத்தீங்களா, நாம எல்லாரும் கனெக்ட் ஆயிருக்கோம்,” என்றார் மேடம். முறைத் தண்ணீருக்காக மூன்று தலைமுறையாக ஒருத்தன் மண்டையை ஒருத்தன் உடைத்துக்கொண்டவர்களுக்கு அது நூல் இல்லாமலே தெரியும் என்று குகன் நினைத்தான். ஆனால் அவர்களோ பரவசமாகத் தலையாட்டினார்கள். குறிப்பாக ராஜமுருகன்.

ராஜமுருகன் குழுத் தலைவர், எட்டுக் குடும்பத்தில் ஒருவர். பதினைந்து வருஷமாகப் பூண்டு போடுகிறவர். நல்ல உழைப்பாளியாகத்தான் இருந்தார். தொப்பி வந்து கெடுத்தது. மேடம் வாயிலிருந்து விழுகிற சொல்லையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு, நடுவயலில் வைத்து எடுத்து விடுவார். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற இடத்தில் “பங்கேற்பு” என்பார். கூட்டம் முடியும்போது ஒவ்வொருவரும் எழுந்து, இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். சொன்னவருக்கு மழைக் கைதட்டல் கிடைக்கும். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு, கடைசியில் ஐந்து விரலும் சேர்த்துச் சடசடவென்று. குகன் ஒவ்வொரு வாரமும் எழுந்து “ஒற்றுமை” என்று மட்டும் சொல்லுவான். ஒவ்வொரு வாரமும் அவனுக்கு மழை பெய்தது. ஒரே பதிலை ஏழெட்டு வாரம் கேட்டும் சந்தேகப்படாதவர்களை என்ன சொல்வது?

கைதட்டாத ஒரே ஆள் பொன்னுத்தாய். நாற்பது வயது, அவளும் எட்டுக் குடும்பத்தில் ஒருத்தி. பேச்சு நடக்கும்போது மண்வெட்டிக் காம்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள். குகனைத் தம்பி என்பாள். அவன் வயலைத் தாண்டிப் போகும்போது, “தம்பி, மேல் வரப்புல எலி வங்கு கெடக்கு பாருங்க,” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அவளை மட்டும் அவனால் சட்டென்று எடைபோட முடியவில்லை. அதனால் மந்தம் என்று எழுதிக்கொண்டான்.

இதையெல்லாம் அவன் அம்மாவிடம் கொட்டுவான். அடிவாரத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் கடையில் ஃபோன் பேசினால் எதுவும் கேட்காது. அதனால் குகன் வாயால் சொல்ல, ஃபோன் எழுத்தாக்கி அனுப்பும்; அம்மா ஆள் இல்லாத நேரத்தில் வாசித்துக்கொள்வாள். கவுஞ்சியில் ஊருக்கு மேலே இருக்கிற டவர் பாறையில் ஏறினால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும், கீழே வயலில் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே நின்றுகொண்டு, ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்து, பயிர் நல்லா இருக்கு, சாப்பிட்டேன், சளி இல்லை என்று முதலில் வரிசையாக ஒப்பிப்பான். அம்மா பயந்துவிடக்கூடாது. அவன் பயமும் அவளுக்குத் தெரிந்துவிடக்கூடாது. பயத்தை மூடுவதற்குக் குழுக்காரர்களைப் பற்றிய கேலி நல்ல போர்வையாக இருந்தது. முட்டைக்கோஸ், நூல்கண்டு, பங்கேற்பு மாடு எல்லாம் அடிவாரம் போய்ச் சேர்ந்தன.

தை மாதம் குழு ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. ஊற்றுக்கு மேலே ஊர்ப்பொதுச் சரிவில் வாட்டில் மரங்கள் மண்டிக் கிடந்தன. அவைதான் ஊற்றை உறிஞ்சுகின்றன, வெட்டி எடுத்தால் தண்ணீர் பெருகும் என்று மேடம் படம் போட்டுக் காட்டினார். அதில் தப்பில்லை. ஊராட்சியில் தீர்மானம் வாங்கி நான்கு ஞாயிறு வெட்டினார்கள். குகனும் வெட்டினான். கட்டைகளை ஊர்க்காரர்கள் விறகுக்குக் கொண்டுபோக, கிளையும் சுள்ளியும் மிலாறும் இடுப்பளவு கிடந்தன. அதை என்ன செய்வது என்று அடுத்த கூட்டத்தில் பேச்சு வந்தது.

ராஜமுருகன் எழுந்து, பரப்பிவிட்டுக் கொளுத்துவோம் என்றார். பூண்டு நடுவதற்கு முன் வயலில் குப்பையைப் பரப்பிக் கொளுத்துவது அந்த ஊர் வழக்கம். களைவிதை வெந்து சாகும், சாம்பலும் உரம். வயலுக்குச் செய்வதை மலைக்கும் செய்தால் கீழே விழுந்து கிடக்கிற வாட்டில் விதை மொத்தமும் பொசுங்கிப் போகும், வம்சமே அற்றுப்போகும் என்றார். பத்தொன்பது தொப்பிகளும் ஆடின. அவர்கள் அப்பன் பாட்டன் எல்லாம் விதையைத் தீயால் கொன்றவர்கள்தான். அவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

குகனுக்குத் தெரியும். மரம் வெட்டுகிற கூட்டத்தோடு இருந்த காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறான். வாட்டில் விதை கல் மாதிரி. வருஷக்கணக்கில் மண்ணில் சும்மா கிடக்கும். மேலே தீ ஓடினால்தான் அதன் ஓடு வெடித்து உயிர் வரும். மிலாறு கொளுத்திய சரிவுகளில் அடுத்த மழைக்குக் கீரைப் பாத்தி மாதிரி முளைத்து நின்றதை அவன் லாரிமேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

தாரணி மேடம் வழக்கம்போல, எல்லார் குரலும் முக்கியம், மாற்றுக் கருத்து யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். சுற்றிப் பார்த்தவர் கடைசிப் பெஞ்சுக்கு வந்தார். “குகன், நீங்க ஒண்ணுமே சொல்லலையே?”

“ஒற்றுமையா செய்வோம் மேடம்,” என்றான் குகன்.

மழைக் கைதட்டல் பெய்தது.

வெளியூர்க்காரன் தலைவர் பேச்சை மறித்தால் முறைத் தண்ணீருக்கு வினை வரும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று பாறைக்கு ஏறும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் ஒரு குறுகுறுப்பு இருந்தது. அது பயம் இல்லை. இந்தத் தொப்பிகள் மூக்குடைந்து நிற்கிற நாளைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை. பாறையில் நின்று ஃபோனைப் பிடித்து, சளி இல்லை என்று சொல்லி முடித்ததும், குரல் தானாக உயர்ந்தது. இந்த மடச்சாம்பிராணிகள் வாட்டிலைக் கொளுத்தப் போகிறார்கள், கொளுத்தினால்தான் அது முளைக்கும், சித்திரையில் கீரை மாதிரி நிற்கும் பாருங்கம்மா, நான் மூச்சே விடவில்லை என்றான். ஃபோன் அவ்வளவையும் பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தது.

கொளுத்தினார்கள். சுற்றிலும் மண் வெட்டி ஒதுக்கி, ஈரச் சாக்கும் குடத்துத் தண்ணீருமாக நின்று, பட்டப்பகலில், மிகப் பொறுப்பாகக் கொளுத்தினார்கள். சாம்பலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ராஜமுருகன் முகத்தில் கரியைத் துடைக்காமல் நின்றார்.

சித்திரையில் இரண்டு நாள் நல்ல மழை. எட்டாம் நாள் சரிவு பச்சையாகிவிட்டது. விரல் நீளத்துக்கு, இறகு இறகாக இலை விட்டுக்கொண்டு, கால் வைக்க இடமில்லாமல் வாட்டில் கன்று. வெட்டியது இருநூறு மரம். முளைத்தது எண்ண முடியாதது.

ஊர் கொண்டாடியது. குழுவில் சேராதவர்களுக்கு அத்தனை நாள் வாய்க்கு வேலையில்லாமல் இருந்தது, இப்போது வந்தது. வாட்டில் நாற்றங்கால் என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் தொப்பியைக் கண்டால், சேர்ந்து வளர்கிறீர்களா என்று விசாரித்தார்கள். இரண்டு வாரத்தில் தொப்பிகள் பரணுக்குப் போயின. குகன் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. நியாயமாக அவன் ருசித்திருக்க வேண்டும். அதற்குள் தலைவர் குழுவைக் கலைக்கக் கூட்டம் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. கூட்டத்துக்கு முதல் நாளும் ஒரு தூறல் விழுந்து மண் நனைந்திருந்தது.

செய்தி கேட்ட பிறகுதான் குகனுக்கு விஷயம் முழுசாக உறைத்தது. கலைத்தால் ராஜமுருகனுக்கு நஷ்டமில்லை, பொன்னுத்தாய்க்கு நஷ்டமில்லை. எட்டுக் குடும்பத்துக்கும் முறை பழையபடி இருக்கும். பூண்டு கிழங்கு திரளுகிற பருவத்தில் தண்ணீர் இழக்கப்போகிற ஆள், கூட்டத்திலேயே ரொம்ப விவரமானவன் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். ராஜமுருகன் தொப்பி இல்லாமல் வந்தார். தொப்பி இல்லாத அவர் தலை எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

“சந்தையில ஒருத்தன் என்னையப் பாத்து, நாத்து என்ன வெலைன்னு கேக்குறான். பதினஞ்சு வருசமா மண்ணுல கெடக்குறவன் நான். என் சோலியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கணும். இத்தோட முடிச்சுக்குவோம்,” என்றார். தாரணி மேடம் தோல்வியும் ஒரு கற்றல்தான் என்று ஆரம்பித்தார். யாரும் நிமிர்ந்து பார்க்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குகன் எழுந்தான். இதுவரை அந்த அறையில் அவன் தானாக எழுந்ததில்லை.

“அண்ணே, அதைப் புடுங்கிரலாம். அறுக்கக் கூடாது. மண்ணு ஈரமா இருக்கும்போதே அடியில புடிச்சு வேரோட உருவணும். ரெண்டு மூணு நாள் விட்டா மண்ணு இறுகிரும், அப்புறம் வராது. அடுத்த மழைக்கு இன்னும் முளைக்கும். அப்பவும் புடுங்கணும். மூணு நாலு வருசம் விடாம புடுங்கினா அத்துரும்.”

அறையில் ஒரு அசைவு ஓடியது. இராமலிங்கம் கண்ணைத் திறந்தார். மேடம் சூப்பர் குகன் என்று பேனாவை எடுத்தார். ராஜமுருகன் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தலைவர் பார்வை இல்லை. விதைப்பூண்டு வாங்கும்போது பல்லை உரித்துப் பார்க்கிற சம்சாரியின் பார்வை.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும் தம்பி?”

“நேத்துதாண்ணே. ஃபோன்ல பாத்தேன்.”

“நேத்து இல்ல,” என்றாள் பொன்னுத்தாய். குரலை உயர்த்தவில்லை. “மாசி மாசமே தெரியும். கொளுத்துறதுக்கு முந்துன வாரம், டவர் பாறையில நின்னு அவுக அம்மாவுக்குச் சொன்னாரு. நான் பாறைக்குக் கீழ எம் மகளுக்கு ஃபோன் போட ஒக்காந்திருந்தேன். கொளுத்துனாத்தான் முளைக்கும், நான் மூச்சே விடலைன்னு சொன்னாரு.”

மடச்சாம்பிராணி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டது அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

“நீ ஏன் தாயி அப்பவே சொல்லல?” என்று ராஜமுருகன் கேட்டார்.

“நம்பலண்ணே. இவரு அந்தப் பாறையில ஏறினா நம்மளப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லி நான் கேட்டதில்ல. எப்பவும் போல மட்டம் தட்டிப் பேசுறாருன்னு விட்டுட்டேன். அதுல ஒண்ணு உண்மையா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பாறையில் ஊரே வந்து உட்காருகிறது என்பதை இத்தனை மாதம் அவன் யோசிக்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர்களை அவன் மனிதராகவே வைத்திருக்கவில்லை.

“ஏலே, தெரிஞ்சுக்கிட்டேவா வாயைப் பொத்திக்கிட்டு இருந்த?” என்றார் இராமலிங்கம். கோபப்பட்டது அவர் ஒருவர்தான்.

“நான் வெளியூர்க்காரன்ணே. குறுக்க பேசினா எம் மொறை போயிரும்னு பயந்துட்டேன்.”

“கேட்டாங்களே தம்பி,” என்றார் ராஜமுருகன். “உங்க பேரைச் சொல்லிக் கேட்டாங்களே.”

மேடம் பேனாவை மூடினார். பொன்னுத்தாய் மறுபடி காம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு ராஜமுருகன் மடியில் செருகியிருந்த தொப்பியை எடுத்து, தட்டி, தலையில் வைத்தார். அந்த நேரத்திலும் குகனுக்கு அது கேலிக்கூத்தாகத்தான் தெரிந்தது. புத்தி அப்படிப் பழகிவிட்டது.

“நாளைக்கு வெள்ளனே ஆறு மணிக்கு எல்லாரும் சரிவுக்கு வாங்க. ஈரம் காயுறதுக்குள்ள வெரசா முடிக்கணும். வராதவங்களையும் போய்க் கூப்புடுங்க,” என்றார். கலைப்பதைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை.

எல்லாரும் எழுந்தபோது குகன் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் வயலில் பூண்டு நிற்கிறது. “அண்ணே, எம் மொறை?”

பொன்னுத்தாய்தான் திரும்பினாள். “வேலைக்கு வந்தா மொறை உண்டு. அது எல்லாருக்கும் போட்ட சட்டம். உங்களுக்குன்னு மாத்த மாட்டோம்.” போய்விட்டாள்.

மறுநாள் பதினேழு பேர் வந்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, ஒதுக்கவும் இல்லை. வரிசையாகக் குனிந்து, மேலிருந்து கீழாக உருவிக்கொண்டு வந்தார்கள். பாதிப்பேர் இலையைப் பிடித்து இழுத்தார்கள். தலை கையோடு வந்தது, வேர் மண்ணில் நின்றது. அசடுகள் என்று மனதில் எழுந்ததை விழுங்கிவிட்டு, அடித்தண்டைப் பிடித்து லேசாகத் திருகி உருவ வேண்டும் என்று குகன் ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுத்தான். அவர்களும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அவனைவிட வேகமாக உருவினார்கள்.

ராஜமுருகன் ஒரு கன்றைத் தூக்கிக் காட்டினார். வேர் முழுசாக, வெள்ளையாகத் தொங்கியது. “சரியா இருக்கா பாருங்க சார்,” என்றார்.

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் குகன் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான். ஜீப்பில் வந்து, சொல்லிக்கொடுத்துவிட்டு, ஜீப்பில் போகிறவர்களைத்தான் கவுஞ்சியில் சார், மேடம் என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் என்று ஊர்க்காரர்கள் அவர்களுக்கு மரியாதை கொடுப்பார்கள், ஆனால் தங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்ல மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் சரிவு முழுக்கப் பரவிவிட்டது. இராமலிங்கம்கூட ஏலேயை விட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பை நீட்டி, “குடிங்க சார்,” என்றார்.

வியாழக்கிழமை காலை குகன் வயலில் மண்வெட்டியோடு நின்றான். வழக்கமாகப் பொன்னுத்தாய் தொட்டியைத் திறந்துவிட்டு, வாய்க்கால் வழியே நடந்து வந்து, தம்பி வருது பாருங்க என்று குரல் கொடுப்பாள். இன்றைக்கு ஃபோன் அடித்தது.

“சார், தண்ணி தெறந்து விட்டாச்சு. பத்து மணி வரைக்கும் உங்க மொறை.”

“அக்கா,” என்று ஆரம்பித்தான். அதற்குள் வைத்துவிட்டாள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஒரு சொட்டு குறைக்காமல், சட்டப்படி.